கணக்கின் கதை – 11: கொள்ளைக்கும் ஒரு முடிச்சு

சென்ற வாரம் வெனிஸில் ஓர் அச்சகத்தில் நிறுத்தியிருந்தேன். ஆண்டு 1494. லூக்கா பாச்சோலி என்ற துறவியின் தடித்த கணித நூல் வெளிவருகிறது. இத்தாலிய வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வைத்திருந்த இரட்டைப் பதிவு முறை அதில் முதன்முதலாக அச்சேறுகிறது. ஓரிடத்தில் பற்று எழுதினால் இன்னோரிடத்தில் வரவு எழுதியாக வேண்டும். இரண்டும் எப்போதும் சமமாக நிற்க வேண்டும்.

இந்த வாரம் கடல் தாண்டிப் போகிறோம். காகிதம் இல்லாத, எழுத்து இல்லாத, நாணயமே இல்லாத ஒரு பேரரசுக்கு.

*

1533ஆம் ஆண்டின் தொடக்கம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பாதை. ஹெர்னாண்டோ பிசாரோ ஒரு சிறு குதிரைப்படையோடு போய்க்கொண்டிருக்கிறார்.

இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவருடைய சகோதரர் பிரான்சிஸ்கோ பிசாரோ, 168 பேரை வைத்துக்கொண்டு, கஹமார்கா நகரச் சதுக்கத்தில் இன்கா பேரரசர் அதாவால்பாவைச் சிறைபிடித்திருந்தார். 1532 நவம்பர் 16 அன்று நடந்தது அது. விடுதலைக்கு விலையாக ஓர் அறை நிறையப் பொன் தருவதாகப் பேரரசர் ஒப்புக்கொண்டார். அந்தப் பொன்னைத் திரட்டத்தான் ஹெர்னாண்டோ புறப்பட்டிருந்தார்.

வழியெங்கும் அரசுக் களஞ்சியங்கள். வீரர்களுக்குப் பசி. விறகு கேட்டார்கள், லாமா கேட்டார்கள், மக்காச்சோளம் கேட்டார்கள், சோளத்தைப் புளிக்கவைத்து இறக்கும் சிச்சா கேட்டார்கள். கேட்டதெல்லாம் வந்தது.

கொடுத்து முடித்ததும் களஞ்சியக்காரர் ஒரு காரியம் செய்தார். கயிறுகள் தொங்கும் ஒரு கொத்தைக் கையில் எடுத்தார். ஓரிடத்தில் சில முடிச்சுகளை அவிழ்த்தார். இன்னோரிடத்தில் முடிச்சுகளைப் போட்டார். கொத்தைத் திரும்ப வைத்துவிட்டார்.

ஹெர்னாண்டோ இதைக் கவனித்தார். அந்த ஆண்டு நவம்பரில் சாந்தோ தொமிங்கோ நகரத்து நீதிபதிகளுக்கு எழுதிய கடிதத்தில், போகிற போக்கில் குறிப்பிட்டார். பொன்னைப் பற்றியும் போரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு இது ஒரு சின்ன வேடிக்கை. கணக்கின் வரலாற்றைத் தேடுகிற எனக்கோ அந்தக் கடிதத்தில் அந்த வரிகள்தான் பொன்.

இருப்பில் கழித்து, பற்றில் ஏற்றிவிட்டார் அந்த மனிதர். எதிரே வாளோடு நின்றவர்கள் பேரரசரையே கட்டிப்போட்டவர்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் கணக்கு விடுபடவில்லை.

இதை இரட்டைப் பதிவு என்றே சொல்லிவிடும் ஆசை எனக்கும் வந்தது. சொல்ல மாட்டேன். பாச்சோலியின் முறையில் மிளகும் பட்டும் வீடும் எல்லாமே பணமதிப்பாக மாறி ஒரே கூட்டலில் வந்து நிற்கும். இன்காக்களிடம் பணம் கிடையாது. வரி என்பது உழைப்பு: அரசின் நிலத்தில் உழுவது, அரசுக்குத் துணி நெய்வது, சாலை போடுவது, படைக்குச் சுமை தூக்குவது. அந்த உழைப்பில் விளைந்தது களஞ்சியத்துக்குப் போகும். ஆகவே லாமா லாமாவாகவும், சோளம் சோளமாகவும், மனிதர் மனிதராகவும்தான் கணக்கில் இருந்தார்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டும்.

*

அந்தக் கயிற்றுக் கொத்தின் பெயர் கீப்பு. கெச்சுவா மொழியில் முடிச்சு என்றே பொருள். அதைக் கட்டவும் படிக்கவும் பயின்றவர் கீப்பு கமாயோக். நாம் முடிச்சுக் கணக்கர் என்று வைத்துக்கொள்வோம்.

மறக்கக் கூடாது என்று முந்தானையில் முடிச்சுப் போட்டு வைப்பது நமக்கும் தெரிந்ததுதான். கீப்பு அதுவல்ல. முந்தானை முடிச்சு, ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். கீப்பு எத்தனை என்று சொல்லும்.

ஒரு கீப்பை மேசைமேல் விரித்துப் பார்ப்போம். மேலே குறுக்காக ஒரு தடித்த தாய்க்கயிறு. அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் பருத்தி நூல்கள். சிலவற்றில் லாமா, அல்பாக்கா மயிர். ஒரு கொத்தில் பத்து நூலும் இருக்கலாம், நூற்றுக்கணக்கிலும் இருக்கலாம். சில நூல்களிலிருந்து கிளை நூல்கள் பிரியும்.

ஒரு நூலை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இறங்குங்கள். மேலே மூன்று சாதாரண முடிச்சுகள் நெருக்கமாக இருக்கின்றன. கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு முடிச்சுகள். மறுபடி இடைவெளி. கடைசியில் ஒரே ஒரு நீண்ட முடிச்சு, நூல் நான்கு சுற்றுச் சுற்றியிருக்கிறது. மேலே இருப்பது நூறு, நடுவில் பத்து, அடியில் ஒன்று. 324.

பத்தும் நூறும் ஆயிரமும் சாதாரண முடிச்சுகளால் வரும். ஒன்றாம் இடத்துக்கு மட்டும் சுற்று முடிச்சு, இரண்டு சுற்றிலிருந்து ஒன்பது வரை. அப்படியானால் ‘1’ எப்படி? ஒரே சுற்றுப் போட்டால் அது சாதாரண முடிச்சாகிவிடும். பத்தோ ஒன்றோ என்று குழம்பும். அதற்காகவே எட்டு வடிவத்தில் தனி முடிச்சு வைத்திருந்தார்கள். சுழியத்துக்கு முடிச்சே இல்லை, அந்த இடம் காலியாக இருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டுமே படித்துவிடக்கூடிய பேரேடு இது.

சில கொத்துகளில், பல நூல்களின் கூட்டுத்தொகையைச் சொல்லும் தனி நூல் ஒன்று மேல்நோக்கிக் கட்டப்பட்டிருக்கும். இந்தப் பத்தடுக்கு முறையையும் கூட்டல் நூலையும் 1912இல் உலகுக்கு விளக்கியவர் லெலண்ட் லாக். நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருந்த கீப்புகளை ஒவ்வொரு முடிச்சாக எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதுவரை அவற்றைப் பார்த்த பலருக்கு அவை நூல் சிக்கல்தான்.

கணக்கைப் போடும் இடம் வேறு. அதற்குப் பலகையும் மக்காச்சோள மணிகளும் வைத்திருந்தார்கள். மணிகளை இங்கே ஒன்று, அங்கே மூன்று என்று நகர்த்திக் கணக்குப் போடும் வேகத்தை ஹொசே தெ அகோஸ்தா என்ற ஏசு சபைத் துறவி வியந்து எழுதியிருக்கிறார். விடை வந்தபிறகே அது முடிச்சாகும். மணி சிட்டை என்றால் கயிறு பேரேடு.

*

இனி நம் கதை நடக்கும் இடத்துக்கு வருவோம். பெருவின் நடு மலைநாட்டில் ஹவுஹா என்ற பள்ளத்தாக்கு. அங்கே வாழ்ந்தவர்கள் வாங்கா மக்கள்.

பள்ளத்தாக்கின் சரிவுகளில் வரிசை வரிசையாகக் கல் களஞ்சியங்கள். தொல்லியலாளர்கள் எண்ணியவை 2,000க்கும் மேல். வட்டமாகச் சில, செவ்வகமாகச் சில. காற்று வீசும் மேட்டில் கட்டினால் தானியம் கெடாது. கீழே சாலை, மேலே தீனி. வடக்கிலிருந்து இன்கா தலைநகர் குஸ்கோவுக்குப் போகும் படைகளுக்கு இதுதான் வழி.

வாங்காக்களுக்கு இன்கா ஆட்சி உவப்பானதாக இருக்கவில்லை. அவர்களை இன்காக்கள் வென்று எழுபது எண்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குமேல் அதாவால்பாவுக்கும் அவருடைய சகோதரர் ஹுவாஸ்கருக்கும் நடந்த அரியணைப் போரில் பள்ளத்தாக்கு மிதிபட்டுக் கிடந்தது.

1533 அக்டோபரில் பிரான்சிஸ்கோ பிசாரோ ஹவுஹாவுக்குள் நுழைந்தார். அதற்குள் அதாவால்பாவைக் கொன்றாகிவிட்டது. வாங்காத் தலைவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: வந்தவர்களோடு சேர்வோம்.

அந்த முடிவை இன்று நாம் எளிதாகக் குறை சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். தோளில் உட்கார்ந்திருந்த நுகத்தை இறக்க யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வந்தவர் கொண்டுவந்த நுகம் எத்தனை கனம் என்பது தெரியாது.

ஆனால் சேர்ந்த அந்த நாளே இன்னொன்றும் செய்தார்கள். புதுக் கயிறு எடுத்தார்கள்.

பிசாரோவுக்குக் கொடுத்த ஆள், லாமா, துணி, சோளம் எல்லாவற்றுக்கும் முடிச்சு விழத் தொடங்கியது. யாரும் கேட்கவில்லை.  இன்காவுக்குக் கொடுத்தபோதும் கணக்கு வைத்தவர்கள், இவர்களுக்குக் கொடுக்கும்போதும் வைத்தார்கள். வாங்கியவர் ஒருநாள் பதில் செய்தாக வேண்டும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது என்றே நினைக்கிறேன்.

*

பதினைந்து ஆண்டுகள் உருண்டன. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பெரு பட்ட பாட்டை ஒரு பத்தியில் சொல்லிக் கடந்துவிடுகிறேன். வென்றவர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். பழைய கூட்டாளி அல்மாக்ரோவின் ஆட்கள் 1541இல் பிரான்சிஸ்கோ பிசாரோவைக் கொன்றார்கள். பிறகு பிசாரோவின் தம்பி கொன்சாலோ, ஸ்பெயின் மன்னருக்கு எதிராகவே கிளம்பினார். அவரை அடக்க மன்னர் அனுப்பிய பெத்ரோ தெ லா கஸ்கா என்ற பாதிரியார் படை திரட்டி வந்தார். 1548இல் கொன்சாலோவின் தலை போயிற்று.

யார் வந்தாலும், யாரைத் துரத்திக்கொண்டு வந்தாலும், வழி ஹவுஹாதான்.

கஸ்காவின் படை மட்டும் ஏழு வாரங்கள் அங்கே தங்கித் தின்றது. 15,000 ஃபனேகாவுக்கு மேல் தானியம் அந்தக் களஞ்சியங்களில் கிடைத்தது என்று அக்கால அதிகாரி போலோ ஒந்தெகார்தோ எழுதி வைத்திருக்கிறார். ஒரு ஃபனேகா ஏறத்தாழ 55 லிட்டர். பேரரசு விழுந்து பதினைந்து ஆண்டு ஆகிறது. ஆனால் அந்த மக்கள் அறுவடையைக் களஞ்சியத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதை நிறுத்தவில்லை.

கஸ்காவின் படையில் ஓர் இளைஞர் இருந்தார். பெத்ரோ சியேசா தெ லியோன். மீசை அரும்பும் முன்பே கப்பலேறி வந்தவர். பகலில் படைவீரர், இரவில் எழுத்தாளர். கண்டதையெல்லாம் எழுதினார்.

கீப்பு பற்றிச் சியேசா கேள்விப்பட்டிருந்தார். நம்பவில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டு எப்படி ஐயா கணக்கு வைக்க முடியும்? ஹவுஹாப் பள்ளத்தாக்கில் மார்காவில்கா என்ற ஊரில் வாங்காத் தலைவர் குவாக்ராபௌக்கரிடம் நேரடியாகவே கேட்டார்: இதை எனக்குப் புரிகிற மாதிரி விளக்க முடியுமா?

தலைவர் ஆள் அனுப்பிக் கீப்புகளை வரவழைத்தார்.

இந்த இடத்தை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒருபக்கம் சந்தேகத்தோடு ஓர் அந்நியப் படைவீரர். எதிரே முடிச்சுக் கணக்கர். அவர் விரல் முதல் நூலில் இறங்குகிறது. பிசாரோ இந்தப் பள்ளத்தாக்கில் காலடி வைத்த நாளிலிருந்து தொடங்குகிறார். பொன் இவ்வளவு. வெள்ளி இவ்வளவு. துணி இவ்வளவு. சோளம், லாமா. ஒரு நூல் முடிந்து அடுத்த நூல்.

ஒன்றுகூட விடுபடவில்லை என்று சியேசா எழுதினார். தான் அசந்துபோனதையும் மறைக்கவில்லை.

அவர் இன்னொன்றும் எழுதினார். எனக்கு அதுதான் இந்த அத்தியாயத்திலேயே பெரிய செய்தி. ஸ்பானியப் படைகள் கடந்துபோனதும் பள்ளத்தாக்கின் தலைவர்கள் கணக்கர்களோடு ஓரிடத்தில் கூடுவார்கள். கயிறுகளை ஒப்பிடுவார்கள். சாலையோர ஊர் முழுக்கச் சூறைபோயிருக்கும். மலைக்கு அப்பால் இருக்கும் ஊர் தப்பியிருக்கும். அதிகம் இழந்தவர்களுக்குக் குறைவாக இழந்தவர்கள் ஈடுசெய்து, எல்லாரையும் சமமாக்கிவிட்டே எழுந்து போவார்கள்.

நாட்டை ஆண்டவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கொள்ளைபோனவர்கள் முடிச்சை வைத்துக் கணக்கு நேர்செய்துகொண்டிருந்தார்கள்.

*

கடைசியாக, அந்தக் கயிறுகள் பள்ளத்தாக்கை விட்டு இறங்கின.

1558 முதல் 1561 வரையிலான ஆண்டுகள். இடம் லிமா, மன்னரின் உயர் நீதிமன்றம். மனு கொடுத்தவர்கள் வாங்காத் தலைவர்கள்: பள்ளத்தாக்கின் ஒரு பிரிவான லுரின் வாங்காக்களுக்காக ஹெரோனிமோ குவாக்ராபௌக்கர், இன்னொரு பிரிவான ஹாத்துன் ஹவுஹா மக்களுக்காக பிரான்சிஸ்கோ குசிசாக்கா. இதற்குள் ஞானஸ்நானம் பெற்று ஸ்பானியப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள். கோரிக்கை ஒன்றுதான். நாங்கள் கொடுத்தோம், மன்னர் அதை மதிக்க வேண்டும்.

சான்று எங்கே என்றது நீதிமன்றம். கயிறுகள் வந்தன.

முடிச்சுக் கணக்கர் நூலைத் தடவித் தன் மொழியில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிய மொழியில் சொன்னார். நீதிமன்ற எழுத்தர் இறகுப்பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுதினார். 1533இலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது முழுவதும் தாளில் இறங்கியது. பிசாரோ வந்தபோது இவ்வளவு. கஸ்கா வந்தபோது இவ்வளவு. படையோடு போன ஆட்கள் எத்தனை பேர், திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்.

அந்தத் தாள்கள் ஸ்பெயினுக்குப் போய், பின்னர் செவில்யா ஆவணக் காப்பகத்தில் சேர்ந்து, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உறங்கின. பெருவின் வரலாற்றாளர் வால்தெமார் எஸ்பினோசா சொரியானோ 1970களின் தொடக்கத்தில் அவற்றைப் பதிப்பித்தார். அதை உட்கார்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் ஜான் முர்ரா ஒன்றைக் கவனித்தார்.

ஒவ்வொரு நிகழ்விலும் பொருள்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன. முதலில் மனிதர்கள். அடுத்து லாமாக்கள். அடுத்து துணி. அதன் பிறகே சோளமும் கினோவாவும் உருளைக்கிழங்கும். பானை, செருப்பு, விறகு, வைக்கோல், மீன் எல்லாம் அதற்கும் பின்னால். தாளில் எழுதியது ஸ்பானியர். வரிசை அவருடையதல்ல, கயிற்றினுடையது. எது முந்தி, எது பிந்தி என்று ஒரு நாகரிகம் வைத்திருந்த தராசு அந்த வரிசைக்குள் அப்படியே இருக்கிறது. துணி உணவுக்கு முன்னால் நிற்கிறது, பாருங்கள். ஆண்டிஸ் மலையில் நெய்த துணிக்குப் பொன்னுக்கு மேலான மரியாதை இருந்தது.

எல்லாவற்றையும் பணமாக்கிக் கூட்டும் வெனிஸ் பேரேட்டில் இந்த வரிசை நமக்குக் கிடைத்திருக்காது. முதலில் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அந்தத் தாள்களில் இன்னொன்றும் இருந்தது.

நாங்கள் கொடுத்தது என்று ஒரு பட்டியல். அதை அடுத்து இன்னொரு பட்டியல்: எங்களிடமிருந்து சூறையாடியது. கேட்டு வாங்கியது வேறு, வீடு புகுந்து எடுத்தது வேறு என்று வாங்காக்கள் பிரித்தே வைத்திருந்தார்கள். கொள்ளை நடந்த இடத்தில் புகை அடங்குமுன் ஒருவர் உட்கார்ந்து, போன லாமா எத்தனை, போன துணி எத்தனை என்று அதே வரிசையில், அதே ஒழுங்கில் முடிச்சுப் போட்டிருக்கிறார். கோபத்திலும் ஒரு லாமாகூட விடுபடவில்லை என்பதுதான் சியேசாவின் சாட்சியத்திலிருந்து எனக்குத் தெரிகிறது.

வென்றவர்களின் சூறையை அவர்களோடு சேர்ந்தவர்களே உருப்படி உருப்படியாகக் கணக்கு வைத்து, வென்றவர்களின் நீதிமன்றத்திலேயே வாசித்துப் பதியவும் வைத்தார்கள். இந்தத் தொடருக்காக நான் படித்த பேரேடுகளில் இப்படி ஒன்றை வேறெங்கும் பார்க்கவில்லை.

*

ஹெரோனிமோவின் மகன் பெலிப்பே குவாக்ராபௌக்கர் கடல் தாண்டி ஸ்பெயின் மன்னரின் அரசவைக்கே போனார். குலச்சின்னமும் சில சலுகைகளும் பெற்றுத் திரும்பினார். போன லாமாக்கள் பள்ளத்தாக்குக்குத் திரும்பவில்லை.

1583. அதே லிமா நகரம். கத்தோலிக்க ஆயர்களின் மூன்றாம் மாமன்றம் கூடியிருக்கிறது. பழைய சடங்குகளையும் பழைய தெய்வங்களையும் இந்த மக்கள் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறார்கள், நமக்குப் புத்தகம் எப்படியோ இவர்களுக்குக் கீப்பு அப்படி. ஆகவே அவற்றைப் பறித்துவிட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றத்தில் சான்றாக ஏறிய பொருள், இப்போது குற்றப்பொருள்.

எண் மட்டும் சொல்லும் கயிற்றுக்கு ஏன் இத்தனை அச்சம்?

லெலண்ட் லாக் கொடுத்த திறவுகோலை வைத்து இன்று நாம் எண்களைப் படித்துவிடுகிறோம். 324 என்றால் 324தான். ஆனால் அன்று லிமாவில் கணக்கர் எண் மட்டுமா படித்தார்? பிசாரோ என்றார். கஸ்கா என்றார். இது லாமா, இது துணி என்றார். இது நாங்கள் கொடுத்தது, இது எங்களிடம் கொள்ளைபோனது என்றார்.

முடிச்சின் எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். அப்படியானால் ‘கொடுத்தது’ எங்கே இருந்தது, ‘கொள்ளை’ எங்கே இருந்தது? நூலின் நிறத்திலா? முறுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதிலா? முடிச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதிலா? இல்லை, கணக்கரின் நெஞ்சில் மட்டுமா?

(அடுத்த வாரம்)